அரிசி அளவு இரும்பு

சைத்ராவின் இதயத்தில் ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது. அரிசி அளவு, அதுவும் பொடி அரிசி. வலது பக்கத்துச் சுவரில் தசைக்குள் புதைந்து, நான்கு வருடமாக யாருக்கும் ஒரு தொந்தரவும் தராமல் கிடக்கிறது. தொந்தரவெல்லாம் அதைப் பற்றிக் கேள்விப்பட்ட மனிதர்கள் தருவதுதான்.

கேள்விப்பட்டதும் அவர்களைப் பார்க்க வேண்டும். கண் அவள் முகத்திலிருந்து இறங்கி நெஞ்சில் போய் நிற்கும். எங்கே பார்க்கிறோம் என்பது உறைத்ததும் சட்டென்று சுவரில் எதையாவது தேடும். பிறகு ஆரம்பிப்பார்கள். "வலிக்குங்களா?" "குனிஞ்சா குத்துங்களா?" "மழைக் காலத்துல துருப் புடிக்காதுங்களா?" சைத்ரா பி.இ. மெக்கானிக்கல் படித்தவள், வயது இருபத்தொன்பது, கணபதியில் அப்பாவின் பட்டறையைப் பாதிக்கு மேல் அவள்தான் நடத்துகிறாள். மனிதர்களில் முக்கால்வாசிப் பேர் முட்டாள்கள், மீதிப் பேர் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்பது அவள் முடிவு. அந்த முடிவுக்கு அவள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஊரும் உறவும் கைகொடுத்துத்தான் வந்தாள்.

பட்டறைக்குப் பெயரே 'சைத்ரா என்ஜினியரிங்'. அவள் பிறந்த வருடம் வரதராஜுலு வைத்த பெயர். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைவது, பழைய பம்புகளைப் பிரித்துச் சரி செய்வது, இதுதான் தொழில். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டிங் மெஷின். இருபது வருடமாக லேத்தில் நிற்கும் செங்கோடன் என்ற சங்ககிரிக்காரர். அம்மா போய்ச் சேர்ந்தபின் வீடும் பட்டறையும் அப்பாவும் மகளுமாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ். சண்டை வந்தால் மட்டும் வீட்டிலும் தமிழ்தான், சண்டை போடப் பழகியதே பட்டறையில் என்பதால்.

வரதராஜுலுவிடம் ஒரு உளி இருந்தது. முதல் ஆர்டரை முடித்த நாளில் கையில் இருந்த உளி, அதனால் ராசியான உளி. ஆயுத பூஜைக்கு நடு வரிசையில் அதற்குத்தான் சந்தனமும் குங்குமமும். இருபத்தைந்து வருடம் சுத்தியலில் அடி வாங்கி அதன் தலை காளான் மாதிரி விரிந்து, விளிம்பெல்லாம் பிசிறு பிசிறாக நின்றது. அப்படி விரிந்த தலையில் அடித்தால் பிசிறு துப்பாக்கிக் குண்டாகத் தெறிக்கும் என்று பாலிடெக்னிக் முதல் வருடப் பையனுக்குக்கூடத் தெரியும். கிரைண்டிங் மெஷினில் இரண்டு நிமிடம் தேய்த்தால் வேலை முடிந்தது. சைத்ரா மூன்று முறை சொன்னாள்.

"பொட்டு வெச்ச உளியைத் தேய்க்கறதா?" என்று வரதராஜுலு மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னார். "ராசி போயிரும் கண்ணு."

கோயமுத்தூரில் தொழில் செய்கிறவர்கள் ஜெர்மனியிலிருந்து மெஷின் வாங்குவார்கள். அதை ஆன் பண்ண மட்டும் பொள்ளாச்சி ஜோசியரிடம் நேரம் கேட்பார்கள். வரதராஜுலுவுக்கு ஜெர்மனி மெஷின் வாங்க வசதியில்லை. ஆகவே அவரிடம் இருந்தது ராசி மட்டும்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஆயுத பூஜை முடிந்து பத்தாவது நாள், காலை பதினொரு மணி. ஒரு பழைய ஷாஃப்டில் பேரிங் இறுகிக் கிடந்தது. சைத்ரா பக்கத்தில் நின்று செல்ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தாள். வரதராஜுலு உளியை வைத்து அடித்தார். மூன்றாவது அடியில் யாரோ விரலால் நெஞ்சில் சுண்டினது போல இருந்தது அவளுக்கு. அவ்வளவுதான். குனிந்து பார்த்தால் சுடிதாரில், நெஞ்செலும்புக்கு இடது ஓரமாக, கொசு கடித்த அளவில் ஒரு ஓட்டை. ஒரு சொட்டு ரத்தம்.

பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்ல அம்மணி, மஞ்சத்தூள் வெச்சு அமுக்குங்க, சரியாப் போயிரும்" என்று மருத்துவம் சொல்லிவிட்டுப் போனார். சைத்ராவும் அதை நம்பினாள். முட்டாள்கள் பட்டியலில் அவள் தன் பெயரை விட்டுவிடுவதில்லை. அன்றைக்கு முதல் பெயர் அவளுடையதுதான். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பத்து நிமிடத்தில் மூச்சு பாதி வழியில் நின்றது. உடம்பெல்லாம் வியர்வை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போது வரதராஜுலு என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டிருந்தார். பிசிறு தரையில் கிடைத்துவிட்டால் மகளின் உடம்புக்குள் போகவில்லை என்று ஆகிவிடுமாம். லேத் பட்டறைத் தரையில் காந்தத்தை இழுத்தால் என்ன ஒட்டும்? கிலோக் கணக்கில் ஒட்டியது. அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்தில் காட்டி, "இதேதான். பாரு, வெளியிலதான் கெடந்துது" என்றார்.

செங்கோடன் அந்தத் துண்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "அம்மணிக்குக் கழுத்து நரம்பு கயிறாட்டம் பொடைச்சிருக்குதுங்க மொதலாளி" என்று சொல்லிக்கொண்டே லேத்தை நிறுத்தினார். ஆம்னி வேனில் அவளைப் படுக்க வைக்கப் போனார்கள். படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார வைத்தே கொண்டுபோனார்கள்.

அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் ஃபாரத்தை வைத்துக்கொண்டு, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"மெஷின்ல இருந்து தெறிச்சுதுங்க" என்றார் வரதராஜுலு.

ஆக்ஸிஜன் முகமூடிக்குள் சைத்ரா அதைக் கேட்டாள். சுத்தியல் எந்த ஊரில் மெஷின்? உளியை எந்த மோட்டார் ஓட்டியது? செத்தாலும் சாகலாம் என்ற நிலையில் கிடந்தவளுக்கு அந்த நேரத்தில் அந்தச் சந்தேகம்தான் வந்தது. அதற்குப் பிறகு நான்கு வருடத்தில் போலீஸ்காரர், சொந்தக்காரர், இன்சூரன்ஸ்காரர், பால்காரர், எல்லோருக்கும் அதே பதில்தான். மெஷின்ல இருந்து தெறிச்சுதுங்க. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். வரதராஜுலு ஒரு சுத்தியலை மறைத்தார், அதைத் தூக்கிய கையோடு சேர்த்து.

நெஞ்சு அறுவை சிகிச்சை டாக்டர் உமர் பாரூக் உக்கடத்துக்காரர். வார்த்தையை எடைபோட்டுத்தான் பேசுவார். எக்கோ ஸ்கேனில் இதயத்தைப் பார்த்துவிட்டு, "இதயத்தைச் சுத்தி ஒரு பை இருக்குதும்மா. அதுக்குள்ள ரத்தம் தேங்கி நெருக்குது. இதயம் விரியறதுக்கு இடமில்லை" என்றார். நெஞ்செலும்புக்குக் கீழே சின்னதாகக் கீறி ரத்தத்தை வெளியே எடுத்தார்கள். எடுத்ததும் மூச்சு வந்தது. இரும்பு போன ஓட்டையைத் தசையே இறுக்கி அடைத்துவிட்டிருந்தது; புதிதாக ரத்தம் கசியவில்லை. மூன்று நாள் டியூப், பத்து நாள் ஊசி.

"துண்டை எடுத்துட்டீங்களா டாக்டர்?" என்று வரதராஜுலு கேட்டார்.

"இல்லீங்க. உள்ளயே இருக்குது, இருக்கட்டும்."

"உள்ளயேவா?"

"கத்தி, கம்பின்னு ஏதாவது குத்தி வெளிய நீட்டிட்டு இருந்தா தியேட்டருக்குக் கொண்டுபோய்த்தான் எடுக்கோணும், வழியில யாரும் கை வெக்கக் கூடாது. துண்டு உள்ள ரத்தத்துல மிதந்துட்டு இருந்தாலும் எடுத்தாகோணும், இல்லீன்னா நுரையீரலுக்குப் போயிரும். சீழ் புடிச்சாலும் எடுப்போம். இது எதுவுமில்லை. தசைக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்குது. இதைத் தேடி எடுக்கோணும்னா நெஞ்செலும்பை நடுவுல அறுத்து, இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை மெஷின்ல ஓட்டோணும். இருக்கறதுல ஆபத்து கொஞ்சம். எடுக்கறதுலதான் அதிகம்."

அவர் சொன்னபடி முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒரு முறை எக்கோ. துண்டு நகரவில்லை. எம்.ஆர்.ஐ. அறைக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது, உள்ளே இருக்கும் காந்தம் இரும்பை இழுத்துவிடும் என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். அது அவள் பையில் டிரைவிங் லைசென்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது.

டாக்டருக்குப் படிப்பு இருந்தது, அதனால் சும்மா இருக்கத் தெரிந்தது. உறவினர்களுக்கு அது தெரியவில்லை. பங்காரம்மா அத்தை, வரதராஜுலுவின் அக்கா, நாற்பத்தெட்டு நாள் வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்தாள். வாழைத்தண்டு வயிற்றுக்குள் போன முடியைக் கரைக்கும், கல்லைக் கரைக்கும், இரும்பைக் கரைக்காதா என்பது அவள் நியாயம். "ஊசி முழுங்குன பொண்ணுக்கே கரைஞ்சிருக்குதாம்" என்றாள். எந்தப் பெண், எந்த ஊர் என்று கேட்டால் கோபம் வரும். ஒரு சித்தப்பா காந்தப் பெல்ட் ஒன்றை வாங்கிவந்து, ராத்திரி நெஞ்சில் கட்டிப் படுத்தால் துண்டு மெல்ல மெல்லத் தோலுக்கு வந்துவிடும் என்றார். பையிலிருந்த அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ்ல போட்டிருக்குது" என்று திருப்பிக் கொடுத்தார்.

இவர்களையெல்லாம் சைத்ரா வெறுக்கவில்லை. வெறுப்பதற்கு ஒரு மரியாதை வேண்டும். இவர்களைக் கண்டால் அவளுக்கு உதட்டோரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அப்பாவைப் பார்க்கும்போதும் அப்படி இழுத்துக்கொண்டதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை. அவரிடம் அவள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. 'நான்தான் அடிச்சேன்.' இரண்டு வார்த்தை. ஒரு நாள் சாப்பிடும்போது சொல்வார், பட்டறையைப் பூட்டும்போது சொல்வார், எக்கோ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது சொல்வார் என்று பார்த்தாள். வரதராஜுலு அவளுக்கு இளநீர் வாங்கித் தந்தார், ஸ்கூட்டர் வாங்கித் தந்தார், அவள் கனமான எதையும் தூக்கவிடாமல் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். அந்த இரண்டு வார்த்தையைத் தவிர எல்லாம் செய்தார்.

போன சித்திரையில் அத்தை ஒரு வரன் கொண்டுவந்தாள். தாராபுரம் பக்கம் ரைஸ் மில் வைத்திருக்கிற குடும்பம். பையன் ரவிதேஜா, சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் வேலை. பெண் பார்க்க அம்மாவும் மகனும் வந்தார்கள். இரும்பு விஷயத்தை மறைக்கக் கூடாது என்று சைத்ரா பிடிவாதமாகச் சொல்லியிருந்ததால், காபி கொடுத்த கையோடு அவளே சொன்னாள்.

ரவிதேஜா கொஞ்ச நேரம் யோசித்தான். பார்க்க நன்றாக இருந்தான்; யோசிக்கும்போது இன்னும் நன்றாக இருந்தான். பிறகு, "ஏர்போர்ட் செக்கிங்ல பீப் அடிக்குங்களா?" என்று கேட்டான்.

அவ்வளவு யோசித்து வந்த கேள்வி அது. சைத்ரா உதட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டு, "இதுவரைக்கும் அடிக்கலீங்க" என்றாள்.

அவன் அம்மா கேள்வி கேட்கவில்லை; அத்தை முன்பே காதில் போட்டிருந்ததால் ஜோசியரைக் கேட்டு முடிவோடுதான் வந்திருந்தார். "பொண்ணு லட்சணமா இருக்குதுங்க. எங்களுக்குப் பூரா சம்மதமுங்க. அந்த இரும்பு ஒண்ணுதானுங்க. இரும்பு சனீஸ்வரனோடதுங்களே, நெஞ்சுல அதை வெச்சுட்டு ஊட்டுக்குள்ள காலடி எடுத்து வெக்கக் கூடாதுன்னு எங்க ஜோசியர் கண்டிசனாச் சொல்லிப்போட்டாருங்க. அதை மட்டும் எடுத்துப்போட்டு வந்தாங்கன்னா ஆவணியிலயே வெச்சுக்கலாமுங்க."

அரிசியில் கல் பொறுக்கிப் போடச் சொல்கிற குரல். அத்தனை ங்க-வும் போட்டு, ஒரு பெண்ணின் நெஞ்செலும்பை அறுக்கச் சொல்கிற நாகரிகம் கொங்கு நாட்டைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. மில் முழுக்க இரும்பை வைத்துத்தான் மூன்று தலைமுறையாகச் சோறு தின்கிறார்கள். அதில் எந்தச் சனீஸ்வரனும் குறுக்கே வரவில்லை.

சைத்ரா அப்பாவைப் பார்த்தாள். கோபக்காரர், வாசலுக்கு வழி காட்டிவிடுவார் என்று நினைத்தாள்.

"செஞ்சிரலாமுங்க" என்றார் வரதராஜுலு.

அடுத்த வாரமே அத்தையையும் அவளையும் அழைத்துக்கொண்டு டாக்டர் உமர் பாரூக்கிடம் போனார். டாக்டர் நான்கு வருட எக்கோ ரிப்போர்ட்டையும் வரிசையாக மேஜைமேல் வைத்து, கடைசியில், "என்ன தொந்தரவும்மா?" என்று சைத்ராவிடம் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டர். இவங்களுக்குத்தான்."

விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கல்யாணத்துக்குன்னு பல்லைச் சரி பண்ணிட்டு வருவாங்க. இதயத்தைத் திறக்கோணும்னு வந்தது நீங்கதான் மொதல்ல. நல்லா இருக்கற இதயத்தை நிறுத்திட்டு, மறுபடி ஓடும்னு எழுதிக் குடுக்க என்னால முடியாதுங்க."

"தழும்பு ஜாக்கெட்டுக்குள்ள அடங்கிருமுங்களா?" என்றாள் பங்காரம்மா அத்தை. அவளுக்கு அதுவரை பேசியது எதுவும் ஏறவில்லை. "ஆனியில பண்ணிப்போட்டா ஆடி முச்சூடும் படுத்துக்கலாம். ஆடியில எப்படியும் முகூர்த்தமில்ல. படுத்துக் கெடக்கறதுக்குன்னே அந்த மாசத்தைச் சாமி வெச்சிருக்குது."

டாக்டர் ரிப்போர்ட்டுகளை அடுக்கி உறையில் போட்டார். வரதராஜுலு மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, "எடுத்துருங்க டாக்டர். எப்படியாச்சும் எடுத்துருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்கு இவ்வளவு பயந்த மனிதர் என்று சைத்ராவுக்கு அதுவரை தெரியாது. அன்றைக்கு அவளுக்கு அவர்மேல் மிச்சம் இருந்த மதிப்பும் போயிற்று. திரும்பி வரும்போது காரில் அவர் பக்கத்தில் உட்காராமல் பின் இருக்கைக்குப் போனாள்.

விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தாள். ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவளுக்கு ஒரு ஃபோன் வந்தது. வேறொரு ஆஸ்பத்திரி. குரல் தேன் மாதிரி இருந்தது. "சைத்ரா மேடமுங்களா? அடுத்த திங்கக்கிழமை உங்களுக்கு அட்மிஷனுங்க. அப்பா ஸ்கேன் எல்லாம் குடுத்துட்டாருங்க. ரத்தம் குடுக்க நாலு பேரைக் கூட்டிட்டு வந்துருங்க. ஒருத்தர் பேர் ஏற்கெனவே குடுத்திருக்கறாருங்க, செங்கோடன்னு."

ஃபோனை வைத்துவிட்டு அவள் லேத்தின் பக்கம் திரும்பினாள். செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார். "மொதலாளி என்ற ரத்தம் என்ன குரூப்புன்னு கேட்டாருங்க அம்மணி. கேட்டா சொல்லாம இருக்க முடியுங்களா?"

வரதராஜுலு அலமாரிக்குப் பின்னால் பேரிங்குகளை எண்ணிக்கொண்டிருந்தார், அல்லது எண்ணுகிறவர் போல நின்றுகொண்டிருந்தார். சைத்ரா நேராகப் போய் முன்னால் நின்றாள்.

"என்ற நெஞ்சை எந்தக் கிழமை அறுக்கறாங்கன்னு எனக்கு ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லித்தான் தெரியோணுமுங்களா நைனா?"

"பெரிய டாக்டர் கண்ணு. மெட்ராஸ்ல இருந்து வாராரு. முடியும்னு சொல்றாரு."

"கையெழுத்து நான் போடோணும். அது தெரியுமில்ல?"

"போடு கண்ணு."

"அந்தப் பீப்புக்காரனுக்காகவா? அவங்கம்மா ஜோசியருக்காகவா? அவங்க முன்னாடி செஞ்சிரலாமுங்கன்னு சொன்னீங்களே, எப்படிச் சொல்ல வந்துது உங்களுக்கு?"

"அவிங்க போனாப் போகட்டும்" என்றார் வரதராஜுலு. குரல் தாழ்ந்திருந்தது. "இந்த வரன் வேண்டாம். வேற பாக்கலாம். பாக்காமயே இருந்தாலும் சரி. ஆனா அது வெளிய வரோணும்."

சைத்ராவுக்கு ஒரு நிமிடம் எதுவும் ஓடவில்லை. மாப்பிள்ளை வேண்டாமாம், கல்யாணம் வேண்டாமாம், ஆபரேஷன் மட்டும் வேண்டுமாம். பிறகு புரிந்தது. ரவிதேஜாவும் அவன் அம்மாவும் சனீஸ்வரனும் இவருக்கு ஒரு சாக்கு. யாராவது ஒரு சாக்கோடு வருவார்களா என்று நான்கு வருடம் காத்திருந்திருக்கிறார். துண்டு வெளியே வந்துவிட்டால் ஒரு பாத்திரத்தில் போட்டுக் காட்டுவார்கள், குப்பையில் வீசுவார்கள். அப்புறம் அது எங்கிருந்து தெறித்தது என்ற கேள்வியே கிடையாது.

"ஏன் வெளிய வரோணும்? அது உள்ள இருந்தா உங்களுக்கு என்ன?"

அவர் கையிலிருந்த பேரிங்கை அலமாரியில் வைத்தார்.

"சொல்லுங்க. எனக்கு வலி இல்ல, டாக்டருக்குக் கவலை இல்ல. உங்களுக்கு என்ன பண்ணுது?"

செங்கோடன் வெளியே போய் நின்றுகொண்டார்.

"உங்க மனசு ஆறோணும்னு என்ற நெஞ்சைப் பொளக்கச் சொல்றீங்களா?"

வரதராஜுலு நடந்துபோய் இரண்டாவது லேத்தைப் போட்டுவிட்டார். அதில் கடைவதற்கு ஒன்றுமே மாட்டியிருக்கவில்லை. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக் மட்டும் வெறுமே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சைத்ரா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான்கு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் சமைத்து மூடி வைத்தாள், அவர் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார். திங்கட்கிழமை வர வர அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கட்டிப்போட்டு யாரும் கொண்டுபோக முடியாது என்று தெரியும். ஆனால் அப்பா அழுதுவிட்டால்? அத்தை காலில் விழுகிற மாதிரி ஒரு நாடகம் போட்டால்? கையெழுத்துப் போட்டுவிடுவோமோ என்று தன்மேலேயே சந்தேகம் வந்தது. நல்ல புத்தி இருக்கிற எத்தனையோ பெண்கள், அழுகிற அப்பனுக்காக இதைவிட மோசமான இடங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரவிதேஜாவின் அம்மா ஃபோன் செய்தார். லேத் சத்தத்தில் வரதராஜுலுவுக்குக் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். சைத்ரா எதிரே உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நாளைக்குத்தானுங்களே அட்மிசன்? பங்காரம்மா அக்கா சொன்னாங்க."

வரதராஜுலு ஃபோனை மேஜையில் வைத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க. ஒரு விசயம் சொல்லோணுமுங்க." தொண்டையைச் செருமினார். "அது மெஷின்ல தெறிச்சதுன்னு உங்ககிட்டச் சொல்லியிருந்தேனுங்க. அது பொய்யிங்க. நான் அடிச்சதுங்க. உளித் தலை விரிஞ்சிருந்துது. புள்ளை தேய்க்கச் சொல்லி மூணு தடவை சொல்லுச்சுங்க. நான் ராசின்னு விட்டுப்போட்டேன். என்ற சுத்தியல்ல தெறிச்சுதானுங்க அவ நெஞ்சுக்குள்ள போச்சு."

சைத்ராவின் கை இட்லியோடு நின்றது. வரதராஜுலு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார், தீர்ப்புச் சொல்லப் போகிறவரைப் பார்ப்பது போல.

"அட, அதுக்கென்னங்க" என்றது ஃபோன். "யார் அடிச்சா என்னங்க, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு எத்தனை மணிக்குங்க? மண்டபத்துக்காரர் தேதி கேட்டுட்டே இருக்காரு, அதுக்குத்தான்."

வரதராஜுலுவின் முகம் அப்படியே நின்றது. நான்கு வருடம் தொண்டையில் வைத்திருந்ததை எடுத்து வைக்கிறார், அந்த அம்மாள் மண்டபத் தேதி கேட்கிறார். சைத்ராவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஆபரேஷன் இல்லீங்க" என்றார் வரதராஜுலு. "எடுக்கறதில்லீங்க."

"அப்படீங்களா. அப்ப சரிங்க, பையன்கிட்டச் சொல்லிக்கறேனுங்க. வெச்சிரட்டுங்களா?" என்று குரலில் ஒரு சுருக்கம்கூட விழாமல் அந்த அம்மாள் வைத்துவிட்டார்.

வரதராஜுலு ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு, "சொல்லிப்போட்டேன்" என்றார்.

"யார்கிட்ட?" என்றாள் சைத்ரா. "யாரோ ஒரு ரைஸ் மில்காரம்மாகிட்ட. அவங்க நெஞ்சுலயா இருக்குது? எங்கிட்டச் சொல்லுங்க நைனா."

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கச் சிரமப்பட்டார். ஆனாலும் பார்த்தார். "நான்தான் அடிச்சேன் கண்ணு" என்றார். "நீ சொன்னே. நான் கேக்கலை. தரையில காந்தத்தை இழுத்துட்டு இருந்தேன், நீ மூச்சு முட்டிட்டு உக்காந்திருக்கறப்ப."

அவளுக்கு அழுகை முட்டியது. அதை அவருக்குக் காட்ட விருப்பமில்லாததால் கோபமாகத்தான் வந்தது. "இதைச் சொல்லறதுக்கு நாலு வருசமா? ஒரு ஜோசியன், ஒரு மாப்பிள்ளை, மெட்ராஸ் டாக்டரு, இவ்வளவு பேர் வேண்டியிருந்துதா உங்களுக்கு? அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"பயந்துபோட்டேன்."

"போலீசுக்கா?"

"போலீசுக்கென்ன பயம்." வரதராஜுலு துண்டை மடித்து மடியில் வைத்தார். "உங்கத்தையை, சித்தப்பனை, அந்தப் பக்கத்துப் பட்டறைக்காரனையெல்லாம் நீ ஒரு பார்வை பாப்பியே கண்ணு. சொல்லிப்போட்டா என்னையும் அப்படிப் பாப்பேன்னுதான்."

நான்கு வருடமாக அவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை சைத்ரா சொல்லவில்லை.